விற்றுவிட்டு நகர்ந்த ஓர்ஸ்டெட்டும், வைத்துக்கொண்டே நகர முயன்ற பிபியும்

எண்ணெயிலும் நிலக்கரியிலும் வளர்ந்த ஒரு நிறுவனம் அவற்றிலிருந்து விலக முடிவெடுத்தால், அதன் முன் இரண்டு வழிகள் உள்ளன. பழைய தொழிலை விற்றுக் கைகழுவிவிட்டு முழுமூச்சாகப் புதியதில் இறங்குவது ஒன்று. பழைய தொழில் ஈட்டித்தரும் லாபத்தைக் கொண்டே புதியதை வளர்த்தெடுப்பது மற்றொன்று. டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் முதல் வழியிலும், பிரிட்டனின் பிபி இரண்டாவது வழியிலும் சென்றன. தாளில் கணக்குப் போட்டால் இரண்டாவதே பாதுகாப்பானதாகத் தெரியும். ஆனால் அந்த வழியில் போன நிறுவனமே முதலில் திரும்பி நடந்தது. நிறுவனத்தின் உடைமை யாரிடம் இருக்கிறது என்பதே அதற்கு முதன்மையான காரணம் என்பது என் கணிப்பு.

ஓர்ஸ்டெட் 2006இல் ஆறு டேனிஷ் எரிசக்தி நிறுவனங்களின் இணைப்பால் டோங் எனர்ஜி என்ற பெயரில் உருவானது. அப்போது டென்மார்க் வெளியேற்றிய கரியமில வாயுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதன் கணக்கில் இருந்தது. உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணையான வின்டெபியும் (1991, 11 காற்றாலைகள், மொத்தமே 5 மெகாவாட்) அதன் கைக்கு வந்து சேர்ந்திருந்தது என்றாலும், அதை யாரும் எதிர்காலத் தொழிலாகப் பார்க்கவில்லை. ஜெர்மனியின் லுப்மின் ஊரில் 1,600 மெகாவாட் அனல்மின் நிலையம் ஒன்றைக் கட்டப் போய், உள்ளூர் மக்களின் எதிர்ப்பால் 2009இல் அதைக் கைவிட நேர்ந்தபோதுதான் நிறுவனம் திசை மாறத் தொடங்கியது. 85 விழுக்காடு புதைபடிவ எரிபொருளிலிருந்து வந்த உற்பத்தியை 85 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க ஆற்றலாக 2040க்குள் மாற்றுவோம் என்று அறிவித்தார்கள். அந்த இலக்கை 2019இலேயே தாண்டினார்கள். இடையில் 2017இல் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளை இனியோஸ் என்ற வேதிப்பொருள் நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, மின்னோட்டம் காந்த விளைவை உண்டாக்குவதைக் கண்டறிந்த இயற்பியலாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட்டின் பெயரைச் சூடிக்கொண்டார்கள்.

இதைத் தொலைநோக்கின் வெற்றி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 2012இல் எரிவாயு வணிகம் சரிந்து, கடன் கழுத்தை நெரித்த நிலையில்தான் ஹென்ரிக் போல்சன் தலைமைப் பொறுப்புக்கு வந்து, தேவையற்ற சொத்துகளை விற்கத் தொடங்கினார். முதலீடு தேடி 2014இல் அமெரிக்க முதலீட்டு வங்கியான கோல்ட்மேன் சாக்ஸுக்கு ஏறத்தாழ 18 விழுக்காட்டுப் பங்கை விற்றது நாட்டில் பெருங்கொந்தளிப்பை உண்டாக்கி, கூட்டணி அரசிலிருந்து ஒரு கட்சியே வெளியேறியது. 2016இல் பங்குச்சந்தைக்கு வந்த பிறகும் 50.1 விழுக்காடு அரசின் கையில் இருந்தது. இன்றும் பெரும்பான்மைப் பங்கு அரசிடமே இருக்கிறது.

பிபியின் கதை அறிவிப்புகளின் கதை. 2000இல் சூரியகாந்தியை ஒத்த சின்னத்தோடு ‘பெட்ரோலியத்துக்கு அப்பால்’ என்ற முழக்கம் வந்தது. 2011 முடிவில் சூரிய மின்கலத் தொழிலிலிருந்தே நிறுவனம் விலகியது. 2020 ஆகஸ்டில் அப்போதைய தலைமை நிர்வாகி பெர்னார்ட் லூனி வைத்த திட்டம் உண்மையிலேயே துணிச்சலானது: எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 2019 அளவிலிருந்து 2030க்குள் 40 விழுக்காடு குறைப்பது, கரியமில வாயுவைக் குறைவாக வெளியேற்றும் குறைகரிமத் துறையில் ஆண்டு முதலீட்டைப் பத்து மடங்காக்கி 500 கோடி டாலருக்கு உயர்த்துவது, 50 கிகாவாட் புதுப்பிக்கத்தக்க மின்திறனை உருவாக்குவது. அதே நாளில் ஈவுத்தொகையைப் பாதியாகக் குறைத்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பங்குதாரரிடம் பொறுமையைக் கேட்ட அந்த நாளிலேயே அவருடைய கையிலிருந்ததையும் பிடுங்கியாயிற்று. 2022இல் உக்ரைன் போரால் எண்ணெய் விலை எகிறி, 2,770 கோடி டாலர் லாபம் வந்தபோது, 40 விழுக்காடு 25ஆகச் சுருங்கியது. 2025 பிப்ரவரியில் அந்த இலக்கும் கைவிடப்பட்டு, எண்ணெய், எரிவாயுவுக்கு ஆண்டுக்கு 1,000 கோடி டாலர், ஆற்றல் மாற்றத்துக்கு 150 முதல் 200 கோடி என்று கணக்குத் தலைகீழானது.

பணம் வரும் விதத்தை ஒப்பிட்டால் இரண்டு நிறுவனங்களின் இடர்ப்பாடும் புரியும். பிரிட்டனில் கடல் காற்றாலை மின்சாரத்துக்கு 15 ஆண்டுகளுக்கு விலை உறுதி தரும் ஒப்பந்தம் கிடைத்து வந்தது. சந்தை விலை குறைந்தால் வித்தியாசத்தைக் கொடுப்பார்கள், கூடினால் திருப்பிக் கட்ட வேண்டும். ஓர்ஸ்டெட்டின் ஹார்ன்சீ 1 பண்ணைக்கு, 2012 விலை மட்டத்தில், ஒரு மெகாவாட்-மணி (1,000 யூனிட்) மின்சாரத்துக்கு 140 பவுண்டும், அடுத்த ஹார்ன்சீ 2க்கு 57.50 பவுண்டும் உறுதியாயின. செலவு அவ்வளவு வேகமாகக் குறைந்துகொண்டிருந்த காலத்தில் விலையை முன்கூட்டியே பூட்டிக்கொள்வது வரமாக இருந்தது. அதே பழக்கம் அமெரிக்காவில் சாபமானது. நியூஜெர்சிக்கு அப்பால் ஓஷன் விண்ட் 1 திட்டத்துக்கு 2019இல் விலை முடிவாகிவிட்டது. கட்டுமானப் பொருள்களையும் கப்பல்களையும் உறுதிசெய்வதற்குள் வட்டியும் பணவீக்கமும் ஏறிவிட்டன. 2023 நவம்பரில் ஓஷன் விண்டின் இரண்டு திட்டங்களும் கைவிடப்பட்டன. அந்த ஆண்டின் மூன்றாம் காலாண்டுக் கணக்கில் 2,840 கோடி குரோனர் மதிப்பிழப்பாக எழுதப்பட்டது.

பிபி இதே தொழிலுக்குத் தாமதமாக வந்து, வந்த வேகத்தில் அதிக விலையும் கொடுத்தது. 2021இல் ஐரிஷ் கடல் ஏலத்தில் ஜெர்மனியின் இஎன்பிடபிள்யூ நிறுவனத்துடன் சேர்ந்து, கடற்பரப்பை ஒதுக்கி வைத்துக்கொள்வதற்கு மட்டுமே மெகாவாட்டுக்கு ஆண்டுதோறும் 1,54,000 பவுண்டு தர ஒப்புக்கொண்டது. மொத்தம் 3 கிகாவாட். அந்தச் சுற்றில் ஓர்ஸ்டெட்டுக்கு இடமே கிடைக்கவில்லை. குறைகரிமத் திட்டங்களில் 8 முதல் 10 விழுக்காடு ஆதாயம் எதிர்பார்ப்பதாக பிபியே சொல்லியிருந்த நிலையில், எண்ணெய் கொழிக்கும் ஆண்டில் அதே கூரையின் கீழ் இரண்டையும் வைத்துப் பார்க்கும் பங்குதாரர் எதைக் கேட்பார் என்பதற்குப் பெரிய ஆய்வு வேண்டியதில்லை. ஓர்ஸ்டெட்டின் பங்குதாரருக்கு அப்படி ஒப்பிட்டுப் பார்க்க வீட்டுக்குள் எண்ணெய்க் கிணறே இல்லை. எண்ணெயை விற்றதன் உண்மையான பயன் இதுதான் என்று நினைக்கிறேன்.

முதல் வழியைப் புகழும்போது இரண்டு விஷயங்களை மறைக்கக் கூடாது. ஓர்ஸ்டெட்டின் நிலக்கரி நிலையங்களில் பல மூடப்படவில்லை. மரத்தூள் கட்டிகளையும் மரச்சில்லுகளையும் எரிக்கும்படி மாற்றப்பட்டன. விதிகளின்படி அது புதுப்பிக்கத்தக்க ஆற்றல்தான், ஆனால் புகைபோக்கியில் கரியமில வாயு வராமல் இல்லை; வெட்டிய மரம் மீண்டும் வளர எடுக்கும் ஆண்டுகள் அந்தக் கணக்கில் வருவதில்லை. இரண்டாவது, விற்ற கிணறு மூடப்பட்ட கிணறு ஆகாது. டோங்கின் கிணறுகளை வாங்கிய அதே இனியோஸ், 2020இல் பிபியின் பெட்ரோ கெமிக்கல் பிரிவையும் 500 கோடி டாலருக்கு வாங்கியது. இரு வேறு வழிகளில் போன இருவரும் பழைய சாமானை ஒரே கடையில் போட்டிருக்கிறார்கள்.

2025இல் இரு நிறுவனங்களுமே உரிமையாளர் முன் நின்றன. பிபியில் ஏறத்தாழ 5 விழுக்காட்டுப் பங்கை வாங்கிய எலியட் என்ற முதலீட்டு நிதியம், செலவைக் குறைத்து லாபத்தைப் பெருக்கச் சொல்லி நெருக்கியது. ஓர்ஸ்டெட் ஆகஸ்டில் இருக்கும் பங்குதாரருக்கே முதலில் புதிய பங்கை விற்கும் 6,000 கோடி குரோனர் உரிமைப் பங்கு வெளியீட்டை அறிவித்தது; அந்த மாதமே 80 விழுக்காடு முடிந்திருந்த, அமெரிக்கக் கடலில் அமையும் அதன் ரெவல்யூஷன் விண்ட் பண்ணையின் வேலையை நிறுத்த டிரம்ப் அரசு ஆணையிட, ஒரு மாதம் கழித்து அந்த ஆணைக்கு நீதிமன்றம் விதித்த தடையால்தான் வேலை தொடர்ந்தது. பங்கு விலை பாதாளத்தில் கிடந்த அந்த நேரத்தில், டேனிஷ் அரசு தன் பாதிப் பங்குக்கான பணத்தை முழுமையாகக் கட்டியது.