சின்னப் பிள்ளைகளோடு காட்டு முகாமுக்குப் பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

சுங்கை சிப்புட்டில் ‘குடும்பக் காட்டு முகாம்’ என்று வாட்சாப்பில் சுற்றும் விளம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள். போன மாதம் நாங்கள் போய் வந்தோம். ஆறு வயது மகள், இரண்டு வயது மகன். ஓர் இரவுக்கு 480 ரிங்கிட். கூடாரம், சாப்பாடு, பெர்மிட், சின்னவனை முதுகில் சுமக்கும் பை, பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் எல்லாம் அதற்குள் அடக்கம் என்றார்கள்.

பையின் இடுப்பு வார் கொக்கி உடைந்து, ராஃபியா கயிற்றால் கட்டியிருந்தது. அந்த வார் பிடிக்காவிட்டால் பிள்ளையின் கனம் முழுக்கத் தோளில்தான். பாறையில் வழுக்கினால் பிள்ளையோடு குப்புற விழ வேண்டியதுதான். வீட்டுக்காரர் மகனை என் கைலியால் மார்போடு கட்டிக்கொண்டு நடந்தார். லைஃப் ஜாக்கெட்டோ பெரியவர்கள் அளவு. மகளுக்கு மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தேன். காதைத் தாண்டி ஏறியது. தண்ணீரில் தானாகவே கழன்றுவிடும்.

கூடாரத்தை ஆற்று மணல்திட்டில் அடித்திருந்தார்கள். எங்களுக்கு மேலே வெயில், மலைப்பக்கம் கறுத்துக் கிடந்தது. கெப்பாலா ஆயிர், அதாவது ஆற்றில் திடீரென்று பாய்ந்து வரும் வெள்ளம், அப்படித்தான் வரும். மழை மேலே கொட்டும், கீழே ஒரு சொட்டு விழாது. “ஒன்னும் ஆகாதுக்கா, நான் இங்கேயே பொறந்தவன்” என்றார் வழிகாட்டி. கொஞ்ச நேரத்தில் தெளிந்த தண்ணீர் தே தாரிக் (பால் தேநீர்) நிறமானது. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. பிள்ளைகளை அள்ளிக்கொண்டு மேட்டுக்கு ஓடினோம். நாங்கள் பாய் விரித்திருந்த இடத்தில் ஆறு ஓடியது. இன்றும் மழைச் சத்தம் கேட்டால் மகள் என் கையை விடுவதில்லை.

பெர்மிட்டைக் கேட்டேன். இல்லை. 2022 டிசம்பர் 16 அன்று பத்தாங் காலி நிலச்சரிவில் பிள்ளைகள் உட்பட 31 பேர் இறந்தார்களே, அந்த இடத்துக்கும் முகாம் உரிமம் கிடையாது. அதற்குப் பிறகும் இப்படிக் கூட்டிப் போகிறார்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் முகாம் ஏற்பாட்டாளர் வாட்சாப் குழுவிலிருந்து எங்களை நீக்கிவிட்டார். வாட்சாப் உரையாடல், பணம் கட்டிய ரசீது, கொக்கியின் படம் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போட 5 ரிங்கிட்தான், வழக்கறிஞர் தேவையில்லை.

போவதாக இருந்தால் வனத்துறை பெர்மிட்டையும் வழிகாட்டியின் மாலிம் குனுங் (மலை வழிகாட்டி) அட்டையையும் முதலில் படம் அனுப்பச் சொல்லுங்கள். ஜாக்கெட்டைப் பிள்ளைக்கு மாட்டித் தூக்கிப் பாருங்கள். கூடாரம் ஆற்றோரமா என்று கேளுங்கள். இதே ஏற்பாட்டாளரிடம் ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள், சேர்ந்தே மனு கொடுப்போம்.