'போட்டித் தர' முயல் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

சிங்கப்பூரில் ஹாலந்து லாப் (தொங்கு காதுள்ள குள்ள இனம்) முயல் விற்கும் ஒரு சிறிய வளர்ப்பகம் என்னிடம் 900 வெள்ளி வாங்கிக்கொண்டு பொய்யான வம்சாவளித் தாளைக் கொடுத்திருக்கிறது. விவகாரம் நடுவர் மன்றத்துக்குப் போயிருப்பதால் பெயரை எழுதவில்லை. ஏமாற்றிய விதத்தை எழுதலாம்.

நான் கேட்டது இனப்பெருக்கத்துக்கு ஏற்ற ஒரு பெண் குட்டி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் முயல் வளர்க்க அனுமதி உண்டு. 400 வெள்ளி முன்பணம் கட்டினால்தான் குட்டியைக் காட்டுவேன், முன்பணம் திரும்பாது என்றார் உரிமையாளர். கட்டினேன். கறுப்புக் குட்டி, அழகாகத்தான் இருந்தது. பல்லைப் பார்க்க வேண்டும் என்றதும் கூண்டைச் சாத்திவிட்டார்.

"வாயைத் தொட்டால் பயந்துவிடும் தம்பி, அப்புறம் தீனி எடுக்காது."

காதில் பச்சை குத்திய எண் எங்கே அண்ணே என்றேன். "பிஞ்சுக் காது, பாவம். பெரிதானதும் கொண்டு வாருங்கள், குத்தித் தருகிறேன்." அந்தக் கரிசனத்தின் பொருள் பிறகுதான் தெரிந்தது. முயல் கண்காட்சிப் போட்டிக்கு வளர்ப்பவர்கள் குட்டியை விற்கும் முன்பே இடது காதில் எண் குத்திவிடுவார்கள். தாளையும் முயலையும் இணைப்பது அந்த எண் ஒன்றுதான். அது இல்லையென்றால் அந்தத் தாள் எந்த முயலுக்கும் பொருந்தும்.

தாளில் அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கத்தின் பெயர் பளபளவென்று இருந்தது. 1910இல் தொடங்கிய பெரிய சங்கம்தான். ஆனால் வம்சாவளித் தாளை எழுதுவது சங்கமல்ல, வளர்ப்பவர். சங்கத்தின் பதிவு வேறு. அதற்கு மூன்று தலைமுறை விவரம் வேண்டும், முயலுக்கு ஆறு மாதம் நிறைந்திருக்க வேண்டும், உரிமம் பெற்ற பதிவாளர் ஒருவர் முயலைக் கையில் எடுத்துச் சோதிக்க வேண்டும். கிராண்ட் சாம்பியன் பட்டத்துக்கு அந்தப் பதிவோடு மூன்று வெற்றிகளும் தேவை. என் குட்டியின் தகப்பன் 'கிராண்ட் சாம்பியன்' என்று தாளில் கொட்டை எழுத்தில் இருந்தது. பதிவு எண்ணுக்கும் பட்ட எண்ணுக்கும் உரிய கட்டங்கள் காலி.

குட்டி வளர்ந்தது, வளர்ந்துகொண்டே போனது. ஹாலந்து லாப் நான்கு பவுண்டைத் தாண்டினால், அதாவது ஏறத்தாழ 1.8 கிலோவுக்கு மேல் போனால், போட்டியில் தகுதி இழக்கும். இவள் 2.4 கிலோ. இதை வைத்து மட்டும் அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். குள்ள மரபணு இல்லாத குட்டி நல்ல பெற்றோருக்கும் பிறக்கும். அப்படிப்பட்ட பெரிய பெண் முயல்களை இனப்பெருக்கத்துக்கென்றே வைத்துக்கொள்ளும் நேர்மையான வளர்ப்பாளர்கள் இருக்கிறார்கள், அப்படிச் சொல்லியே விற்பார்கள்.

மாட்டிக்கொடுத்தது நிறம். தாளின்படி தாயும் நீலம், தகப்பனும் நீலம். முயலில் நீலம் என்பது கறுப்பு வெளிறிய நிறம். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று பின்னடைந்த மரபணு இரண்டு சேர்ந்தால்தான் வரும். நீல முயலிடம் குட்டிக்குக் கொடுக்க அந்த மரபணு மட்டும்தான் இருக்கும், அதனால் இரண்டு நீல முயல்களுக்குக் கறுப்புக் குட்டி பிறக்கவே பிறக்காது. தாளில் உள்ள பெற்றோர் இவளுடைய பெற்றோரே அல்ல. இதைச் சொன்னதற்கு, "வெயிலில் நிறம் மாறியிருக்கும்" என்று பதில் வந்தது. முயல் வளர்த்துப் பிழைப்பவர் வாயில் வரக்கூடிய பேச்சா இது?

பிறகு ஈசூன் வட்டாரத்தில் அதே ஆளிடம் வாங்கிய ஓர் அக்காவைக் கண்டுபிடித்தேன். அவர் வைத்திருப்பது ஆண் முயல். தாளில் அதே காது எண், அதே தாய் தகப்பன், பிறந்த தேதி மட்டும் வேறு.

பல் கதை இன்னும் மோசம். மேல்வரிசை முன்பல் கீழ்ப்பல்லின் முன்னால் இறங்கியிருக்க வேண்டும். இவளுக்குத் தலைகீழ். முயலின் பல் ஆயுள் முழுவதும் வளரும். ஒன்றோடொன்று உரசித் தேயாவிட்டால் வளைந்து வாயைக் குத்தும். சில வாரங்களுக்கு ஒருமுறை மருத்துவரிடம் போய் வெட்ட வேண்டியிருக்கிறது, செலவு முயலின் விலையைத் தாண்டிவிட்டது. பெரும்பாலும் பரம்பரையாக வரும் குறை என்பதால் இவளைச் சேர்க்கைக்கும் விட முடியாது. உதட்டை விலக்கிப் பார்க்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தைத்தான் அவர் தரவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது அவர் சொன்னது: "வேண்டாமென்றால் ஏதாவது பூங்காவில் விட்டுவிடுங்கள், புல் இருக்கிறது, பிழைத்துக்கொள்ளும்." வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவதற்கு இங்கே முதல் குற்றத்துக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அதைவிட, வெளியே விட்ட வீட்டு முயல் வெகுநாள் தாங்காது என்பது அவருக்குத் தெரியாததா?

சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை இணையத்திலேயே பதியலாம்; வழக்கறிஞர் வைக்க இடமில்லை; 5,000 வெள்ளிக்கு உட்பட்ட தொகைக்குப் பயனீட்டாளர் கட்டுவது 10 வெள்ளிதான். இரண்டு ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என் கோரிக்கையோடு இணைத்திருக்கிறேன்.

அவருடைய விளம்பரம் இன்னும் ஓடுகிறது. புதிதாக நான்கு குட்டிகள். அவரிடம் வாங்கியவர்கள் தாளை எடுத்துப் பாருங்கள். காது எண் 17இல் முடிந்து, பெற்றோர் இருவரும் நீலம் என்று இருந்தால், தாளின் படத்தை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். மூன்றாவது தாள் ஒன்று கிடைத்தால் அதையும் சேர்த்துவிடுகிறேன்.