வீட்டு வாசலுக்கு வரும் டிஸ்டெம்பர் ஊசி: ஒரு வாடிக்கையாளரின் மதிப்பீடு

முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கத்துக் காட்டோரத்தில் குடியிருப்பவனுக்கு நாய் ஆடம்பரமல்ல. அது இல்லாவிட்டால் கச்சானைப் பன்றியும் கோழியை நரியும் கொண்டுபோய்விடும். எங்கள் ஊர்களுக்கு மாதம் இருமுறை வந்துபோகும் தனியார் மிருக வைத்தியரின் தடுப்பூசிச் சேவையை இவ்வாண்டு பயன்படுத்தினேன். அதன் அருமையைச் சொல்வதற்கு முன், போன ஆண்டு நான் ஏமாந்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

அப்போது நகரத்துக் கடையொன்றில் நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்க்கான தடுப்பூசி வாங்கினேன். கடைக்காரர் அதைச் சாதாரணப் பையில் போட்டுத் தர, நான் மோட்டார் சைக்கிளில் நண்பகல் வெயிலில் கொண்டுவந்து, ஊசி போடத் தெரிந்த ஒருவரைக் கொண்டு குட்டிக்கு ஒரே ஒரு தடவை போடுவித்தேன். நான்கு மாதங்களின் பின் அதன் கண்களில் பீளை கட்டியது. காய்ச்சல் விட்டு, தேறிவிட்டது என்று நாங்கள் நினைத்திருக்க, மீண்டும் வந்தது. மூக்கும் அடிப்பாதமும் காய்ந்த தோல்போலத் தடித்து வெடித்தன. சீமெந்துத் திண்ணையில் அது நடந்தால் சத்தம் கேட்கும். கடைசியில் வாயில் நுரை தள்ள வெறும் தாடையை மென்றுகொண்டிருந்தது; உறக்கத்திலும் முன்னங்கால் ஒன்று விட்டுவிட்டுத் துடித்தது. அயலவர்கள் விசர் என்று ஒதுங்கினார்கள். ஊசி சூட்டில் பழுதாகிவிட்டதா, தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச்சக்தி அதை முறித்துவிட்டதா என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே இம்முறை நான் முதலில் பார்த்தது வைத்தியரின் ரெஜிபோம் பெட்டியைத்தான். உள்ளே ஐஸ் பொதிகளுக்கு நடுவே வெப்பமானி இருந்தது. 2 முதல் 8 பாகைக்குள் நிற்க வேண்டும் என்று கேளாமலே காட்டினார். குப்பியின் அடியில் வெள்ளைக் கட்டியாக ஒட்டியிருந்த மருந்தை, மற்றக் குப்பியின் திரவத்தில் கரைத்து உடனே ஏற்றினார். பக்கத்து வீட்டுக் குட்டி வர அரை மணி நேரமாகும், அதற்கும் கரைத்து வையுங்கள் என்றேன். “கரைச்சு வைச்சுக்கொண்டு காத்திருக்கேலாது, அண்ணை. குட்டி வரட்டும்” என்று மறுத்துவிட்டார். நான் காசு கொடுத்தது இந்த மறுப்புக்குத்தான் என்று நினைக்கிறேன்.

ஆறு முதல் எட்டு வாரங்களில் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறையாகப் பதினாறு வாரம் வரை ஏன் போட வேண்டும் என்பதையும் அவர் விளக்கினார்: தாயின் எதிர்ப்புச்சக்தி குட்டிக்குக் குட்டி வெவ்வேறு வாரத்தில் தேய்கிறது, அது தேயுமுன் போட்ட ஊசி வீண். இலவசமாகப் போடப்படும் விசர் ஊசி இந்நோயைத் தடுக்காது என்பதும் எங்கள் ஊரில் பலருக்குப் புதுச்செய்தியாக இருந்தது.

வளவுக்கு நரி வருமா என்று அவர் கேட்டபோது முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. சின்னமுத்து வைரசுக்கும், 2011இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட மாட்டு வெக்கை வைரசுக்கும் டிஸ்டெம்பர் வைரஸ் உறவு; மனிதரை விட்டு, ஊனுண்ணிகளைப் பிடிக்கிறது. 1994இல் தன்சானியாவின் செரங்கெட்டியில் ஏறத்தாழ ஆயிரம் சிங்கங்கள், அதாவது மூன்றிலொரு பங்கு, இதனால் மாண்டன. காட்டைச் சூழ்ந்த ஊர்களின் நாய்கள் மீதே சந்தேகம் விழுந்தது. 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோதும் இவ்வைரஸ் கண்டறியப்பட்டது. வன்னிக் காட்டில் சிங்கம் இல்லை. ஆனால் நரியும் சிறுத்தையும் மரநாயும் கீரியும் இருக்கின்றன, எங்கள் நாய்கள் குடிக்கும் குளத்திலேயே நரியும் குடிக்கிறது. அப்படியானால் அயல்வீட்டில் வளரும் கீரிக்கும் ஒன்று போட்டுவிடுங்கள் என்றேன். அதற்கும் மறுப்புத்தான்: நாய்க்கென வலுக்குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ் வேறு விலங்குகளில் நோயாகவே மாறக்கூடுமாம், அமெரிக்காவில் 1970களில் அடைத்து வளர்த்த, கீரி போன்ற சிறு ஊனுண்ணிகளான கருங்கால் பெரட்டுகள் ஊசியாலேயே இறந்திருக்கின்றன.

குறைகளும் உண்டு. முதல் நாள் எல்லோரையும் பொதுநோக்கு மண்டபத்துக்கு வரச் சொன்னார்கள். அங்கே கண்ணும் மூக்கும் ஒழுகிக்கொண்டிருந்த ஒரு நாய், என் குட்டிக்கு இரண்டு முழத் தூரத்தில் கட்டப்பட்டிருந்தது. இருமலிலும் மூச்சிலும் பரவும் நோய்க்கு ஊசி போட வந்த இடத்திலேயே நோயை வாங்கிக்கொண்டு போகும் ஏற்பாடு இது. நான் சத்தம் போட்டபின்தான் அந்த நாயைப் படலைக்கு வெளியே கொண்டுபோய்ப் பார்த்தார்கள். மேசையைச் சவர்க்கார நீரால் கழுவினார்கள். வெளியில் இவ்வைரஸ் நெடுநேரம் தாங்காது, சவர்க்காரத்துக்கே சாகும் என்பதால் அது போதும். ஆனாலும் காத்திருக்கும் இடத்தைப் பிரிப்பதற்கு ஒருவர் சண்டை பிடிக்க வேண்டியதில்லை. இரண்டாம் முறை குளம் வான் பாய்ந்து பாதை மூடியதால் பத்து நாள் பிந்தினார்கள். மழையை யாரும் குறை சொல்ல முடியாது, ஒரு தொலைபேசி அழைப்பாவது எடுத்திருக்கலாம்.

மூன்று ஊசிக்கும் வந்துபோகும் செலவுக்கும் ஒரு மூட்டை நெல் விற்ற காசு முடிந்தது. ஓராண்டு ஊசிக்குரிய திகதி, குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய சிட்டைகளுக்குக் கீழே, அட்டையில் எழுதப்பட்டிருக்கிறது. அதற்கும் இவர்களையே அழைப்பேன். ஆனால் குட்டியை மண்டபத்துக்குக் கொண்டுபோக மாட்டேன், வளவுக்கே வரச் சொல்வேன்.