உப்புவெளியில் வீட்டுச் சாமான்: சுப்பர் மார்க்கெட்டா, சந்திக் கடையா?

கடந்த தைப்பொங்கலோடு எங்கள் வீட்டில் மாதச் சாமான் வாங்குவதை நிறுத்திவிட்டோம். அதற்கு முன், சம்பளம் வந்த கிழமையில் திருகோணமலை ரவுணுக்குப் போய், சுப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டி நிறைய எடுத்து, ஆட்டோவில் ஏற்றி உப்புவெளிக்குக் கொண்டுவருவோம். இப்போது சந்தியில் இருக்கும் பலசரக்குக் கடையில் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை வாங்குகிறோம். இரண்டு முறையும் செய்து பார்த்தவள் நான். சந்திக் கடைப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாதச் சாமான் 2022 இல் பிடித்த பழக்கம். அந்தச் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். பால்மாவும் பருப்பும் கண்ட இடத்தில் வாங்கி அடுக்கியவர்கள் கெட்டிக்காரர்கள் என்றிருந்த காலம். தட்டுப்பாடு போய்விட்டது, அடுக்குகிற கை மட்டும் நிற்கவில்லை.

விலையை வைத்து இந்த இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்ய முடியாது. அரிசிக்கு 2024 டிசெம்பரில் அரசாங்கம் உச்ச விலை போட்டது: கிலோ நாட்டரிசி 230 ரூபா, சம்பா 240 ரூபா. அதற்குமேல் எந்தக் கடையும் விற்கக்கூடாது என்றது. சுப்பர் மார்க்கெட்டில் வங்கி கார்ட்டுக்குக் கழிவு கிடைக்கிற நாட்கள் உண்டு. சந்திக் கடையில் கார்ட்டே எடுக்கமாட்டார்கள், ஆனால் சம்பளம் பிந்தினால் கொப்பியில் எழுதுவார்கள். பொலித்தீன் பைக்கு 2025 நவம்பரிலிருந்து எங்கேயும் காசு, ஆகவே துணிப்பை எப்படியும் வேணும். சீனியும் பருப்பும் அரசாங்கக் கடையான சதொசவில் மலிவாக வருகிற நாள் பார்த்து வாங்குகிறவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். இதெல்லாம் கூட்டிக் கழித்தால் மாத முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் தெரியும். ரவுணுக்குப் போய்வர ஆட்டோவுக்கு 600 ரூபாவுக்குக் குறையாது. அந்தக் காசு வீணாகக்கூடாது என்று ஒரேயடியாக ஒரு மாதத்துக்கு வாங்குகிறோம். வாங்கியதை வைக்கிற இடமோ கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் குசினி. ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கிறது. வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பரவாயில்லை. செத்தல் மிளகாயை ஒரு நாள் வெயிலில் போட்டு எடுத்தால் மொறுமொறுவென்று இருக்கும். ஐப்பசியில் வாடை தொடங்கிவிட்டால் உப்பு கசியும், சீனி கட்டிபடும், மல்லியில் ஈரவாசம் வரும், மிளகாய்க் காம்பில் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த மிளகாயைத் துடைத்துவிட்டு இடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். துடைத்தாலும் வறுத்தாலும் பூஞ்சணம் விடுகிற நஞ்சு முழுதாகப் போகாது.

இதைவிட முக்கியம் வண்டு. அரிசியிலும் மாவிலும் பயற்றிலும் வருகிற வண்டு நம் வீட்டில் புதிதாக வந்து ஏறுவதை விட, முட்டையாகத் தானியத்தோடேயே வந்து சேருவதுதான் கூட. அரிசி வண்டு மணியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு அடைத்துவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. எங்கள் ஊர் வெக்கையில் அந்த முட்டை வண்டாகி வெளியே வர ஏறத்தாழ ஒரு மாதம். ஒரு மாதத்துக்கென்று வாங்கி வைக்கிறவர்கள், கடைசிக் கிழமைச் சோற்றை வண்டோடு பங்குபோடுகிறோம். வேப்பிலை போட்டாலும், செத்தல் மிளகாய் போட்டாலும், நான் கண்ட அளவில் நாலைந்து நாள்தான் தள்ளிப்போகிறது.

எனக்கு இது உறைத்தது பொங்கலுக்கு முதல்நாள் இரவு. பொங்கலுக்குப் போடுகிற பயற்றை வறுக்க எடுத்தேன். நவம்பரில், டித்வா புயலுக்கு முன் வாங்கிய பக்கற். திகதி இன்னும் எட்டு மாதம் கிடக்கிறது. உடைத்துச் சுளகில் கொட்டினால் அரைவாசிப் பயற்றில் ஊசியால் குத்தினதுபோல ஓட்டை, சுளகின் ஓரமெல்லாம் வண்டு ஓடுகிறது. மகனைச் சந்திக்கு அனுப்பாமல் நானே போனேன். கடைக்காரர் அன்று காலையில் பிரித்த சாக்கு இருட்டுமுன் அடி தெரிய வந்திருந்தது. கால் கிலோ நிறுத்துக்கொண்டே, “ரீச்சர், மிளகாய் இண்டைக்கு எடுக்காதேங்கோ. பொங்கல் முடியப் புதுச் சாக்கு பிரிக்கிறன்” என்றார்.

கோதுமை மாவையே உதாரணத்துக்கு எடுங்கள். எங்கள் துறைமுகத்தோரம் இருக்கும் பிறீமா ஆலையில் அரைத்த மாதான் இரண்டு கடைக்கும் வருகிறது. மைசூர்ப் பருப்பு என்று நாங்கள் சொல்வது பெரும்பாலும் அவுஸ்திரேலியாவிலோ கனடாவிலோ விளைந்து கப்பலில் வந்தது, அதுவும் இரண்டு கடைக்கும் பொது. சுப்பர் மார்க்கெட் சாமான் கூடாது என்று நான் சொல்லவரவில்லை. அது தூரத்தில் இருப்பதால் நாங்கள் கூட வாங்குகிறோம், கூட வாங்கியது கடற்காற்றில் கிடக்கிறது. சந்திக் கடையில் 250 கிராம் மா, 100 கிராம் மிளகாய், 50 கிராம் உள்ளி என்று வாங்கலாம். பழுதாகும் முன் சட்டிக்குள் போய்விடும். தையிலிருந்து நான் வெளியே கொட்டிய சாமான் ஒரு சுண்டு ரவை மட்டும்தான்.

அந்த ரவையிலும் ஒரு பாடம் இருந்தது. உப்புவெளியில் சுற்றுலாக்காரர் கூட்டம் வைகாசியிலிருந்து ஆவணி, புரட்டாதி வரை. அப்போது தங்குமிடங்களுக்கும் சேர்த்து விற்பதால் சந்திக் கடையில் எல்லாம் விறுவிறென்று போகும். மார்கழி, தையில் ஆளில்லை. அரிசி, பருப்பு, தேங்காய் எப்போதும் ஓடும். ரவை, ஓட்ஸ், சேமியா, விலைகூடிய பிஸ்கட் எல்லாம் தட்டில் தூங்கும், அதுவும் ஈரம் கூடிய நேரத்தில். சாக்கில் அள்ளித் தருகிற சாமானில் திகதியும் இருக்காது. மழைக்காலத்தில் இந்த வகைகளை ரவுணுக்குப் போகிறபோது திகதி பார்த்து, சின்னப் பக்கற்றாக எடுத்துவருகிறேன். பட்டரும் சீஸும் எந்தக் காலத்திலும் அங்கேதான். மின்சாரம் போனால் சந்திக் கடைக் குளிர்ப்பெட்டி இளகிவிடும். உறைய வைத்த இறைச்சியைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். மீன் கரையிலேயே கிடைப்பதால் அந்த இறைச்சியை இரண்டு தடவைதான் வாங்கியிருக்கிறேன். கைக்குழந்தை உள்ள வீட்டின் கணக்கும் வேறாக இருக்கும், எங்கள் வீட்டில் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள்.

மாதச் சாமானுக்கு ஒரு நியாயமும் சொல்லவேண்டும். டித்வா வந்து மழை விடாத நாட்களில் வீட்டில் கிடந்த அரிசியும் பருப்பும்தான் எங்களைக் காப்பாற்றின. ஆகையால் ஐப்பசி முதல் தை வரை ஒரு கிழமைச் சாமானை இறுக்கமான மூடியுள்ள வாளியில் வைத்து, முதலில் வாங்கியதை முதலில் எடுத்துச் சமைக்கிறேன். அதற்குமேல் வைப்பதில்லை.

சந்திக் கடை என்றாலும் எல்லாக் கடையும் ஒன்றல்ல. எங்கள் ஒழுங்கைக்குக் கிட்டவே இரண்டு கடை இருந்தும் நூறு மீற்றர் தள்ளியிருக்கிற மூன்றாவதுக்குத்தான் போகிறேன். அங்கே சாக்குகள் நிலத்தில் இல்லை, பலகைக்கு மேல் நிற்கின்றன. பழைய சாக்கு முடியாமல் புதுசை அதன்மேல் கொட்டுவதில்லை. புதுக் கடைக்குப் போனால் நான் முதலில் 100 கிராம் மிளகாய்தான் கேட்பேன். மேலே இருப்பதை அள்ளாமல் சாக்கின் அடியிலிருந்து எடுத்துத் தரச்சொல்லி முகர்ந்து பார்ப்பேன்.