ரெபுலாவா, செலேனா, டெரானா? ஸ்லோவேனியா ஒயின்ல என் ஓட்டு

வீட்ல ஒயின் குடிக்கிறது நான் ஒருத்தன்தான், அதனால ஒரு பாட்டில் திறந்தா அன்னைக்கே தீராது. ஸ்லோவேனியா ஒயின்ல எது நல்லதுன்னு கேட்டா நான் முதல்ல பாக்குறதே இதைத்தான், திறந்தப்புறம் எத்தனை நாள் தாங்கும்?

செலேன் விபாவா பள்ளத்தாக்குல மட்டும்தான் பெருசா விளையுது. லேசான வெள்ளை ஒயின், ரோஸ்மேரி மாதிரி ஒரு மூலிகை வாசனை, முதல் கிளாஸ் பிரமாதம். ஆனா மறுநாள் அந்த வாசனையே பாதி காணாம போயிடும். நாலு பேர் சேர்ந்து அன்னைக்கே முடிக்கிறதா இருந்தா கண்ண மூடிட்டு செலேன் வாங்கலாம்.

டெரான் சிவப்பு, க்ராஸ் மேட்டுநிலத்துல இரும்புச்சத்து உள்ள செம்மண்ல விளையுற ரெஃபோஷ்க் திராட்சைல பண்றது. புளிப்பு தூக்கலா இருக்கும், அந்த ஊர்லயே பண்ற பிர்ஷுத், அதாவது உப்பு போட்டு காத்துல உலர்த்துன பன்றிக்கறியோட சாப்பிட்டா செட் ஆகும், வெறும் வாய்க்கு எனக்கு ஒத்து வரல.

இப்ப ரெபுலா. இத்தாலி எல்லைய ஒட்டுன கோரிஷ்கா பிர்டா மலைச்சரிவு, 1947ல போட்ட எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கமும் இதே திராட்சைதான், அங்க அதை ரிபோல்லா ஜால்லான்னு சொல்வாங்க. சாதாரணமா வெள்ளை ஒயினுக்கு சாறைப் பிழிஞ்சு தோலை ஒதுக்கிருவாங்க, இங்க சிலர் தோலோடயே நாள்கணக்குல, சிலர் மாசக்கணக்குல ஊறப் போடுவாங்க, ரெபுலாக்கு தோல் தடிப்பு வேற, அதுல இருந்து டேனின்ங்கிற துவர்ப்புப் பொருள் இறங்கி நிறம் ஆரஞ்சா மாறி குடிச்சா பால் ஊத்தாத டீ மாதிரி நாக்குல ஒரு துவர்ப்பு நிக்கும். அந்த டேனின்தான் விஷயமே. காத்து பட்டாலும் ஒயின் சட்டுனு கெடாம பாத்துக்குது. கார்க்கை திருப்பி அடைச்சு பிரிட்ஜ்ல வச்சா சில நாள் நல்லாவே இருக்கு, என் நாக்குக்கு ரெண்டாவது நாள்தான் இன்னும் நல்லா இருக்கு, காஞ்ச ஆப்ரிகாட் வாசனை மேல வரும்.

ஒண்ணு கவனிங்க, எல்லா ரெபுலாவும் இப்படி இல்ல. தோல்ல ஊறாத வெளிர் மஞ்சள் ரெபுலாவும் நிறைய வருது, அதுவும் செலேன் மாதிரி சீக்கிரம் முடிக்க வேண்டியதுதான். கடையில கேட்டு வாங்குங்க. ஊறினதுக்கு விலையும் பொதுவா கூடத்தான்.

வடகிழக்குல ஷிபோன், அதாவது ஹங்கேரிக்காரங்க ஃபுர்மின்ட்னு சொல்றது, நான் குடிச்சதெல்லாம் புதுசு, அதனால அதை வச்சு தீர்ப்பு சொல்ல மாட்டேன். டோலென்ஸ்கா பக்கத்து ட்ஸ்விச்செக் சிவப்பும் வெள்ளையும் கலந்தது, ஆல்கஹால் 10%க்குள்ளதான், வெயில் மதியத்துக்கு சரி, வச்சிருக்க இல்ல.

ஆரஞ்சு ரெபுலாவ பிரிட்ஜ்ல இருந்து எடுத்து அரைமணி வெளிய வச்சுட்டு ஊத்துங்க, சில்லுனு குடிச்சா துவர்ப்பு மட்டும்தான் தெரியும்.