சொந்தக் குதிரையா, பங்குக் குதிரையா? இங்கிலாந்தில் மறுபடி சேணம் ஏறிய கணக்கு

2005இல் சென்னையில் கடைசியாக ஒரு மீட்டர் உயரத் தடையைத் தாண்டினேன். அடுத்த வருடம் மேல்படிப்புக்கு இங்கிலாந்து வந்துவிட்டேன். வேலை, கல்யாணம், குழந்தை என்று பதினாறு வருடம் ஓடிப்போயிற்று. அவ்வளவு காலமும் குதிரையைக் கார் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. லெஸ்டர்ஷயரில் இருந்துகொண்டு பார்க்காமல் இருக்கவும் முடியாது. ஊரைத் தாண்டினால் வேலிக்கு வேலி குதிரைதான்.

2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2000இல் சிட்னிக்கு இம்தியாஸ் அனீஸ் போன பிறகு குதிரையேற்றத்தில் அதுவரை இந்தியர் ஒருவரும் ஒலிம்பிக்குக்குப் போயிருக்கவில்லை. பெங்களூர்க்காரரான ஃபவாத் மிர்சா தடை தாண்டும் இறுதிச் சுற்று வரைக்கும் வந்து 23ஆம் இடத்தில் முடித்தார். அவர் ஒவ்வொரு தடையை நெருங்கும்போதும் சோபாவில் உட்கார்ந்திருந்த என் முழங்கால்கள் தானாக இறுகின. அதைக் கவனித்த என் கணவர், "போய் ஏறு. இன்னும் எத்தனை வருஷம் டிவியிலேயே பார்ப்ப?" என்றார்.

ஏறுவதென்றால் இங்கே முக்கியமாக மூன்று வழி. ரைடிங் ஸ்கூலில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்துக் கற்பது ஒன்று. அடுத்தது ஷேர்: வேறொருவரின் குதிரையை வாரத்தில் இரண்டு மூன்று நாள் நாம் ஓட்டிப் பராமரித்து, செலவில் ஒரு பங்கைத் தருவது. மூன்றாவது சொந்தமாக வாங்குவது. முதல் வழியில் பதினான்கு மாதம் இருந்தேன். இரண்டாவதில் இரண்டு வருடமாக இருக்கிறேன். மூன்றாவதற்கு மிக அருகில் போய்த் திரும்பினேன். எனக்கு ஷேர்தான் சரி என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கீழே வருவதெல்லாம் அந்தச் சாய்வோடு எழுதியது.

ரைடிங் ஸ்கூலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீண்ட இடைவெளிக்குப் பிறகு வருகிற எவரும் அங்கேதான் தொடங்க வேண்டும். மனசுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், தொடைக்கு இருக்காது. முதல் மாதம் அங்கவடியில் கால் வைக்காமல் ஐந்து நிமிடம் டிராட் (துள்ளு நடை) போனதற்கே இரண்டு நாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. சென்னையிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்திருந்த ஹெல்மெட்டை வரவேற்பிலேயே ஓரம் வைத்துவிட்டார்கள். அது பழைய தரக் குறியீட்டைச் சேர்ந்தது, இப்போது ஏற்பதில்லை. உங்களிடமும் அப்படி ஒன்று இருந்தால் நினைவுக்கு வைத்துக்கொண்டு புதிதாக வாங்குங்கள். எடையைக் கேட்பார்கள், அதுவும் ஸ்டோன் கணக்கில். ஒரு ஸ்டோன் கிட்டத்தட்ட 6.35 கிலோ. குதிரையின் முதுகைக் காப்பாற்றுவதற்காகக் கேட்பது அது, கூச்சப்படாமல் உண்மையைச் சொல்ல வேண்டும்.

நான் போன இடத்தில் குழுப் பாடம் ஒரு மணிக்கு 42 பவுண்டு. ஆசிரியர் பொறுமையானவர், குதிரைகளும் தங்கமானவை. ஆனால் வாரத்துக்கு ஒரு குதிரை. ஒன்றின் வாயும் முதுகும் பிடிபடும் நேரத்தில் அடுத்தது வந்துவிடும். தடை 70 செ.மீக்கு மேல் ஏறவில்லை. பல வகை ஆட்களைச் சுமக்க வேண்டிய குதிரையை அதற்கு மேல் தாண்ட வைக்க அவர்களுக்கு மனமில்லை, அது நியாயம்தான். ஆனால் தடை தாண்டுவதற்காகவே திரும்பி வந்தவளுக்கு ஒரு வருடத்துக்குப் பிறகு அந்த வட்டம் சின்னதாகிவிட்டது.

அப்போதுதான் வாங்கும் ஆசை வந்தது. விளம்பரங்களை இரவெல்லாம் பார்த்தேன். ஒரு குதிரையை நேரில் போய் ஓட்டியும் பார்த்துவிட்டேன்.

சென்னையில் நான் கற்றது விளையாட்டின் ஒரு பாதியைத்தான் என்பதை இங்கே சொல்ல வேண்டும். காலை ஐந்தே முக்காலுக்குப் போய் நிற்பேன். குதிரையைப் பார்த்துக்கொள்பவரை அங்கே சைஸ் என்போம். எங்கள் சைஸ் அண்ணன் குதிரையைத் தேய்த்து, சேணம் கட்டி, கடிவாளம் மாட்டி வெளியே கூட்டி வருவார். கிண்டியில் ஓடி ஓய்ந்த பந்தயக் குதிரைதான் பெரும்பாலும். ஏறுவேன், வெயில் ஏறுவதற்குள் இறங்குவேன், கழுத்தைத் தட்டிக்கொடுத்து லகானை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கல்லூரிக்கு ஓடுவேன். கொள்ளு ஊறவைத்தது யார், இரவு வயிற்றுவலியில் புரண்ட குதிரையோடு விடிய விடிய நடந்தது யார் என்று நான் கேட்டதே இல்லை. 'கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்' என்ற பழமொழியைச் சொல்லிச் சிரிப்பார் அண்ணன். அந்த இரண்டு வேலையையும் அவர்தான் தினமும் செய்தார்.

இங்கே அந்த அண்ணன் இல்லை. குதிரை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அலுவலகம் போகிற சாதாரண ஆட்கள். லாயத்தையும் புல்வெளியையும் வாடகைக்கு எடுத்து மற்ற வேலை எல்லாவற்றையும் தாங்களே செய்கிறார்கள். இதற்கு டிஐஒய் லிவரி என்று பெயர். எங்கள் யார்டில், அதாவது குதிரைகளைக் கட்டும் வளாகத்தில், அதற்கு வாரம் 40 பவுண்டு. கேட்டால் மலிவு. அதோடு ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடத்துக்கு 95 பவுண்டு. 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவுபெற்ற லாடக்காரர் தவிர யாரும் லாடம் அடிக்கக் கூடாது, அதனால் அதில் குறைக்க வழியில்லை. காய்ந்த புல், லாயத்தில் பரப்பும் மரச்சீவல், காப்பீடு, ஃப்ளூவுக்கும் டெட்டனஸுக்கும் தடுப்பூசி, பல் பார்ப்பவர், குடற்புழு சோதனை என்று எல்லாம் சேர்த்து யார்டுக்காரர்களோடு உட்கார்ந்து கூட்டியபோது மாதம் 450 பவுண்டுக்குப் பக்கத்தில் வந்தது. குதிரையின் விலையும் மருத்துவரின் திடீர்ச் செலவும் இதில் சேராது.

பணத்தைக்கூட எப்படியோ சமாளிக்கலாம் என்று தோன்றியது. என்னை நிறுத்தியது பணமில்லை, ஜனவரி மாதம்.

லெஸ்டர்ஷயர் மண் களிமண். நவம்பரிலிருந்து மார்ச் வரைக்கும் வாசல் பக்கம் முழங்கால் ஆழத்துக்குச் சேறு. டிசம்பரில் மாலை நான்கு மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். டிஐஒய் ஆள் காலை ஆறரைக்கு நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு வர வேண்டும். இரவுப் போர்வையைக் கழற்றிப் பகல் போர்வையை மாட்டி, தீனி கொடுத்து, வெளியே விட்டு, லத்தி அள்ளி, மரச்சீவல் புரட்டி, வலைப்பையில் புல் நிரப்பி, வாளியில் உறைந்த பனிக்கட்டியை உடைத்துத் தண்ணீர் நிரப்ப வேண்டும். மாலையில் மறுபடி வந்து உள்ளே கட்டி, காலைத் துடைத்துக் காயவைத்துப் பார்க்க வேண்டும். சேற்றில் நின்றால் குளம்புக்கு மேலே தோல் புண்ணாகும். வசந்தம் வந்தால் நிம்மதி என்று நினைத்தேன். வசந்தத்துப் பசும்புல்லில் சர்க்கரை ஏறிக் குளம்பு அழற்சி வரும், அதனால் மேய்ச்சலை அளந்து விட வேண்டும். வாரத்துக்குப் பதினான்கு முறை யார்டுக்குப் போய் வருவதுதான் கணக்கு. இதில் சவாரி செய்யும் நேரம் சேரவில்லை.

இவ்வளவையும் இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் செய்கிறார்களே என்று கேட்கலாம். செய்கிறார்கள், நான் மரியாதையோடு பார்க்கிறேன். ஆனால் அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா வருவார், தங்கை வருவாள், பள்ளிக்கூடக் காலத்திலிருந்து பழகிய பக்கத்து வீட்டுக்காரர் வருவார். எங்கள் யார்டில் ஒரு பெண்ணுக்குக் கை முறிந்தபோது அவருடைய எழுபது வயது அப்பா ஆறு வாரம் லத்தி அள்ளினார். என் அப்பா சென்னையில் இருக்கிறார்.

இந்தக் கணக்கில் வெளிநாடு வந்தவர்களுக்கென்று தனியாக ஒரு வரி உண்டு, அதை யாரும் விளம்பரத்தில் எழுதுவதில்லை. நாம் ஊருக்குப் போவோம். போனால் ஒரு வாரத்தில் திரும்ப மாட்டோம். டிக்கெட் போட்டால் நான்கு வாரம். பெற்றோருக்கு வயதாக ஆக, டிக்கெட் போடாமலே கிளம்ப வேண்டிய நாளும் வரும். அந்த நான்கு வாரமும் குதிரை ஒரு நாளைக்கு இரண்டு வேளை யாருடைய கைகளையாவது எதிர்பார்த்து நிற்கும். முழு லிவரியில் விடலாம், எல்லா வேலையும் அவர்களே பார்ப்பார்கள். எங்கள் பக்கம் அது வாரம் 180 பவுண்டு. ஒரு மாதத்துக்குச் சரி, ஆனால் உடனே இடம் கிடைக்க வேண்டும். பழக்கமில்லாத லாயத்தில் குதிரை நிம்மதியாக இருக்க வேண்டும்.

சொந்தக் குதிரை வேண்டாம் என்று 2022 கடைசியில் முடிவெடுத்தேன். ஃபுல் லோன் என்று ஒன்று இருக்கிறது: வாங்காமலே முழுப் பொறுப்பையும் ஏற்பது. விலை மிச்சம், ஜனவரி அப்படியே இருக்கும். அதனால் அதையும் விட்டுவிட்டேன்.

ஷேர் என்பதிலும் நான் முதலில் சூடுபட்டேன். முதல் குதிரை அழகான ஆண் குதிரை, நன்றாகத் தாண்டும். வாய்ப்பேச்சில் ஒப்புக்கொண்டு தொடங்கினேன். மூன்றாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை போனால் லாயம் காலி. முந்தின நாள் விற்றுவிட்டார்கள். குதிரை அவர்களுடையது, விற்க உரிமை உண்டு. ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருந்தால் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடை பெற்றிருப்பேன். காரில் உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். ஷேரின் பெரிய பலவீனம் இதுதான், அதை மறைக்க விரும்பவில்லை. எவ்வளவு பாசம் வைத்தாலும் கடைசிச் சொல் நம்முடையதில்லை.

2023 இலையுதிர் காலத்தில் பிராம்பிள் கிடைத்தாள். ஐரிஷ் கலப்பு, சிவந்த பழுப்பு, அப்போது பதின்மூன்று வயது, உயரம் 15.2. இது தசமக் கணக்கில்லை. பதினைந்து கை, இரண்டு அங்குலம் என்று படிக்க வேண்டும். ஒரு கை நான்கு அங்குலம். உரிமையாளர் அறுபது தாண்டியவர், இடுப்பு அறுவைக்குப் பிறகு தினமும் ஓட்ட முடியவில்லை. புதனும் சனியும் என் நாட்கள். மாதம் 110 பவுண்டு தருகிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆசிரியரை யார்டுக்கே வரவழைத்துப் பாடம், அதற்கு 35. ரைடிங் ஸ்கூலுக்குக் கொடுத்ததை விடக் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் அங்கே மாதம் நான்கு மணி நேரம், இங்கே எட்டு ஒன்பது முறை ஒரே குதிரை.

ஒரே குதிரை என்பதன் அருமை தடை முன்னால்தான் தெரியும். வலது பக்கத் திருப்பத்தில் அவள் தோளைச் சரிப்பாள், தடைக்கு மூன்று எட்டு முன்னால் காதை முன்னே நீட்டினால் தாண்டப் போகிறாள், ஒரு காதைப் பின்னால் திருப்பினால் என்னைக் கேட்கிறாள். இதைப் படிக்க எனக்கு ஐந்து மாதம் ஆனது. வாரம் ஒரு குதிரை என்றால் ஐந்து வருடத்திலும் படித்திருக்க மாட்டேன். என் இரண்டு நாளிலும் லத்தி அள்ளுவது முதல் குளம்பில் அப்பிய மண்ணைக் கொக்கியால் எடுப்பது வரைக்கும் எல்லாம் நானே. சென்னையில் கற்காமல் விட்ட பாதியை நாற்பது வயதில் உரிமையாளரின் கண் பார்வையில் கற்கிறேன். காலைத் தொட்டுச் சூடு பார்ப்பது எப்படி, எப்போது மருத்துவருக்குப் போன் போடுவது, எப்போது காத்திருப்பது என்பதெல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தது. வாங்கியிருந்தால் இதையெல்லாம் குதிரையின் உடம்பில் தவறு செய்து கற்றிருப்பேன்.

2024 ஜனவரியில் தம்பி போன் செய்தான். "அக்கா, அப்பா பாத்ரூம்ல விழுந்துட்டாரு. இடுப்பு எலும்பு. நீ வந்தா நல்லது." மறுநாள் இரவு விமானம். பிராம்பிளின் உரிமையாளருக்கு விமான நிலையத்திலிருந்துதான் செய்தி அனுப்பினேன். "போய் அப்பாவைப் பாருங்கள், இவளை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பதில் வந்தது. ஐந்து வாரம் ஆஸ்பத்திரியிலும் வீட்டிலுமாக இருந்தேன். புதன்கிழமைதோறும் அவளுடைய படம் ஒன்று வரும். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை உற்றுப் பார்ப்பார். அந்த ஐந்து வாரத்தில் ஒரு நாள்கூட, காலையில் யார் பனிக்கட்டியை உடைத்தார்கள் என்று நான் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. இந்த ஒன்றை வைத்துத்தான் மற்ற எல்லாக் காரணங்களையும் நான் அளக்கிறேன்.

உங்கள் நிலைமை வேறாக இருந்தால் முடிவும் மாறலாம். கூடப்பிறந்தவர்கள் இங்கேயே இருந்தால், வீட்டிலிருந்து வேலை பார்த்தால், பதினைந்து வயது மகளும் சேர்ந்து ஓட்டுவாள் என்றால் வாங்குவதை யோசிக்கலாம். 90 செ.மீ பிரிட்டிஷ் நாவிஸ் போட்டிகளில் முறைப்படி இறங்கி மேலே போக வேண்டும் என்ற இலட்சியம் இருந்தாலும் ஷேர் போதாது என்றே நினைக்கிறேன். இங்கே வந்த பிறகு நான் 80 செ.மீயைத் தாண்டிப் போகவில்லை, உள்ளூர்ச் சிறு போட்டிகளோடு நிற்கிறேன், ஆகவே அந்த உயரத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. சொந்தக் குதிரையைப் பற்றி நான் சொன்னதும் பக்கத்து லாயங்களைப் பார்த்துச் சொன்னதுதான்.

ஷேர் எடுப்பதாக இருந்தால் எழுத்தில் வாங்குங்கள். பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி மாதிரி ஒப்பந்தம் தருகிறது, அதன் கோல்டு உறுப்பினராகச் சேர்ந்தால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பீடும் சேர்ந்தே வரும். எந்த நாட்கள், எவ்வளவு உயரம் வரைக்கும் தாண்டலாம், லாடம் தொலைந்தால் யார் செலவு, உரிமையாளரை எட்ட முடியாதபோது மருத்துவரை அழைக்கும் அதிகாரம் யாருக்கு என்றெல்லாம் எங்கள் காகிதத்தில் இருக்கிறது. நானாகக் கேட்டுச் சேர்த்த வரிகள் இரண்டு. விற்பதானால் ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்பது ஒன்று. வருடத்துக்கு ஆறு வாரம் வரைக்கும் நான் ஊரில் இல்லாமல் போகலாம், அப்போதும் மாதப் பணம் தவறாமல் வரும், என் புதனும் சனியும் எனக்காகக் காத்திருக்கும் என்பது இன்னொன்று. இரண்டாவதைப் படித்துவிட்டு, ஆறை எட்டாக்கிக் கையெழுத்துப் போட்டார் அவர்.