நெமோலிசுமாப்: அரிப்பை முதல் கேள்வியாக வைத்த சோதனை

எக்ஸிமாவுக்கான மருந்துகளைச் சோதிக்கும்போது, தோல் எவ்வளவு பரப்பில் சிவந்திருக்கிறது, எவ்வளவு தடித்திருக்கிறது என்று மருத்துவர் பார்த்து மதிப்பெண் இடுவதே பெரும்பாலும் வழக்கம். நோயாளியைத் தூங்கவிடாமல் செய்யும் அரிப்பு அந்தக் கணக்கில் பின்வரிசையில்தான் நிற்கும். நெமோலிசுமாப் என்னும் ஊசி மருந்தை ஜப்பானில் மூன்றாம் கட்டச் சோதனைக்கு உட்படுத்தியவர்கள் இந்த வரிசையை மாற்றி, அரிப்பு குறைந்ததா என்பதையே முதன்மைக் கேள்வியாக வைத்தார்கள். 2020-இல் வெளியான அந்தச் சோதனையின் முடிவுகளைக் கொண்டே இம்மருந்தை இங்கு மதிப்பிடுகிறேன்.

அரிப்பு என்றவுடன் ஆன்டிஹிஸ்டமின் மாத்திரைதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. ஆனால் எக்ஸிமாவின் நாள்பட்ட அரிப்புக்கு, அம்மாத்திரை தடுக்கும் ஹிஸ்டமின் என்னும் உடல் வேதிப்பொருள் முதன்மைக் காரணம் அல்ல. அந்த மாத்திரைகளில் சில தரும் ஆறுதல் பெரும்பாலும் அவை வரவழைக்கும் தூக்கத்தால் கிடைப்பது. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி அணுக்கள் சுரக்கும் இன்டர்லூகின்-31 என்னும் புரதம், தோலில் உள்ள உணர்வு நரம்புகளின் ஏற்பியில் நேரடியாகச் சென்று பொருந்தி அரிப்பைத் தூண்டுகிறது. 2004-இல் அடையாளம் காணப்பட்ட இந்தப் புரதம் ஏற்பியோடு சேராதபடி, அந்த ஏற்பியையே மறித்துக்கொள்ளும் எதிர்ப்புப் புரதம்தான் நெமோலிசுமாப்.

சோதனையில் சேர்க்கப்பட்டவர்கள் 13 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். களிம்பும் ஆன்டிஹிஸ்டமினும் பயன்படுத்தியும் மிதமான அல்லது கடுமையான அரிப்பு அடங்காதவர்கள். மொத்தம் 215 பேரில் 143 பேருக்கு 60 மில்லிகிராம் மருந்தும், 72 பேருக்கு மருந்துப்போலியும், நான்கு வாரங்களுக்கு ஒரு முறை தோலுக்கு அடியில் ஊசியாகச் செலுத்தப்பட்டன. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. இரு தரப்பினரும் களிம்புச் சிகிச்சையைத் தொடர்ந்தார்கள் என்பது முக்கியம். முடிவுகளைப் படிக்கும்போது இதை மறந்துவிட்டால் கணக்கு பிழையாகிவிடும்.

16 வாரங்களின் முடிவில் அரிப்பின் அளவு மருந்து பெற்றவர்களிடம் சராசரியாக 42.8 சதவீதமும், மருந்துப்போலி பெற்றவர்களிடம் 21.4 சதவீதமும் குறைந்திருந்தது. இந்த இரண்டாவது எண்ணைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. மருந்தே இல்லாத ஊசிக்கு அரிப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைவதில் வியப்பில்லை: நோய் முற்றியிருக்கும் நேரத்தில்தான் மக்கள் சோதனைக்கு வந்து சேர்கிறார்கள், அந்த உச்சம் தானாகவே ஓரளவு தணியும், களிம்பை ஒழுங்காகப் பூசுவதற்கும் சோதனை ஒரு காரணமாகிறது, குணமாகும் என்ற எதிர்பார்ப்பும் அரிப்பு போன்ற ஓர் உணர்வை எளிதில் மாற்றிவிடும். ஆகவே, ஒரு மருந்தை உட்கொண்டவர் ‘எனக்குப் பாதி குறைந்தது’ என்று சொல்வதை மட்டும் கேட்டு முடிவெடுப்பது சரியல்ல. நூற்றுக்கு 80 என்று அரிப்பைக் குறித்த ஒருவருக்கு இந்தச் சராசரிகளைப் பொருத்தினால், மருந்துப்போலியில் அது ஏறக்குறைய 63 ஆகவும், மருந்தில் ஏறக்குறைய 46 ஆகவும் இறங்கும். இடைவெளி உண்மையானது, ஆயினும் 46 என்பது அரிப்பு இல்லாத நிலை அன்று.

தூக்கத்தைப் பற்றிய தரவுதான் என்னை அதிகம் கவர்ந்தது. தூக்கமின்மைக் குறியீடு 7 அல்லது அதற்குக் கீழ், அதாவது குறிப்பிடத்தக்க தூக்கச் சிக்கல் இல்லாத நிலையில், மருந்து பெற்றவர்களில் 55 சதவீதத்தினரும் மருந்துப்போலி பெற்றவர்களில் 21 சதவீதத்தினரும் இருந்தார்கள். சொறிந்து சொறிந்தே விடியும் இரவுகளை அறிந்தவர்களுக்கு இதன் பொருளை விளக்கத் தேவையில்லை. தோலின் நிலையிலோ வேறுபாடு இவ்வளவு பெரிதாக இல்லை: நோயின் பரப்பையும் கடுமையையும் அளக்கும் மதிப்பெண் 45.9 சதவீதம் குறைந்தது, மருந்துப்போலியில் 33.2 சதவீதம். மருந்தின் பலம் அரிப்பில்தான் இருக்கிறது என்பதை இந்த இரண்டு எண்களும் மறைக்காமல் சொல்கின்றன.

பக்க விளைவுகளில், ஊசி தொடர்பான எதிர்வினைகள் 8 சதவீதத்தினருக்கு ஏற்பட்டன. மருந்துப்போலியில் அது 3 சதவீதம்.

குறைகளும் உண்டு. நாள்பட்ட நோய் ஒன்றுக்கு 16 வாரங்கள் குறுகிய காலம். 215 பேர் என்பது அரிதான தீங்குகளைக் கண்டுபிடிக்கப் போதாத எண்ணிக்கை. பின்னர் பல நாடுகளில் 1,728 பேரைச் சேர்த்து நடத்திய ஆர்கேடியா சோதனைகள் இரண்டும் இதில் ஒரு பகுதியை நிரப்பின, ஆனால் அங்கே முதன்மைக் கேள்வி மீண்டும் தோலின் நிலைக்கே போய்விட்டது. எனக்கு அது வருத்தமே. இன்னொரு குறை, இச்சோதனைகள் மருந்துப்போலியோடு ஒப்பிட்டவையே தவிர, எக்ஸிமாவுக்கு வழங்கப்படும் பிற மருந்துகளான டூபிலுமாப் ஊசியுடனோ ஜேக் தடுப்பான் மாத்திரைகளுடனோ ஒப்பிட்டவை அல்ல. ஏற்கெனவே அவற்றைப் பயன்படுத்துபவர் மாறலாமா என்ற கேள்விக்கு இங்கே விடை கிடைக்காது.

ஜப்பான் 2022-இல் அனுமதி அளித்தது. எக்ஸிமாவுக்கான அமெரிக்க அனுமதி 2024 டிசம்பரில், 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, களிம்புச் சிகிச்சையோடு சேர்த்து என்ற நிபந்தனையுடன் வந்தது. முதல் தவணை 60 மில்லிகிராம், பிறகு நான்கு வாரங்களுக்கு ஒரு முறை 30 மில்லிகிராம். 16 வாரங்களில் தோல் தெளிவாகவோ கிட்டத்தட்டத் தெளிவாகவோ ஆகிவிட்டவர்களுக்கு இடைவெளியை எட்டு வாரமாக நீட்டுவதே அங்குள்ள பரிந்துரை. தோல் ஓரளவு கட்டுக்குள் இருந்தும் அரிப்பு மட்டும் விடாமல் வாட்டுகிறவர்கள் தோல் மருத்துவரிடம் இம்மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்பதற்குப் போதுமான ஆதாரம் இந்தச் சோதனையில் இருக்கிறது. முதல் தொல்லை தோல் வெடிப்பும் நீர்க்கசிவும்தான் என்பவர்களுக்கு அதே உறுதியை இதிலிருந்து என்னால் தர இயலாது.